தாய்ப்பலகை மாறினால் உரிமம் எங்கே போகிறது?

பண்டாரவளைப் பாதையும் வெலிமடைப் பாதையும் ஒன்றுசேர்ந்து பதுளைக்குப் போகும் இடம் ஹாலிஎல. இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட சித்திரை, ஐப்பசி மாதங்களில் ஊவா மலைகளில் மாலையானால் இடி முழங்கும். பெரிய இடி விழுந்த மறுநாள் இந்த வட்டாரத்தில் கணினி திருத்துபவர்களுக்குக் கை ஓயாது. சிலருடைய கணினியில் பவர் சப்ளை மட்டும் போயிருக்கும். சிலருடையதில் எகிறிய மின்னழுத்தம் அதையும் தாண்டிப் போய் மதர்போர்டை, அதாவது தாய்ப்பலகையை, பொசுக்கியிருக்கும்.

மதர்போர்ட் போய்விட்டது என்பதற்காகப் புதுக் கணினி வாங்கக்கூடியவர்கள் தோட்டப்புறத்தில் குறைவு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டிய பிறகு, நகரத்தில் இருப்பவர்களும் புதுசு என்றால் யோசிக்கிறார்கள். ஆகவே எங்காவது தேடிப் பழைய போர்ட் ஒன்றைப் பிடித்து மாட்டுவார்கள். பெட்டி அதே, திரை அதே, வன்தட்டு அதே. சுவிட்சைப் போட்டால் படங்கள், பாடக் குறிப்புகள், பாதியில் விட்ட ஒப்படை எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரையின் வலது கீழ் மூலையில் மங்கலாக ஒரு வரி வந்து நிற்கிறது: ஆக்டிவேட் விண்டோஸ்.

"அண்ணே, ஹார்ட் டிஸ்க் பழசுதானே? விண்டோஸ் அதுக்குள்ளதானே இருக்கு? அப்புறம் எப்படி இல்லங்குது?"

நியாயமான கேள்வி. போன வருடம் ராம் கூட்டியபோது இந்த வரி வரவில்லை. பழைய வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவியபோதுகூட வரவில்லை. விண்டோஸ் குடியிருந்த தட்டையே மாற்றியபோது பேசாமல் இருந்தது, தட்டைத் தொடாமல் போர்டை மாற்றியதும் மறுக்கிறது. இந்த முரணை அவிழ்த்தால் உரிமம் என்பது எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இயங்குதளம், அதாவது நம் பாடசாலைப் புத்தகங்கள் பணிசெயல் முறைமை என்று சொல்வது, ஒரு மென்பொருள். அது வன்தட்டில்தான் இருக்கிறது. உரிமம் அந்த மென்பொருளை இன்ன கணினியில் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. நாம் காசு கொடுப்பது அனுமதிக்கு. மென்பொருளை எத்தனை தடவை பிரதி எடுத்தாலும் செலவு இல்லை என்பதால்தான் இந்தப் பிரிப்பே வந்தது. 1976 பெப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ், தாங்கள் எழுதிய பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் பிரதி எடுத்துக்கொண்ட கணினி ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தப் பூசலின் தொடர்ச்சிதான் இன்று திரை மூலையில் தெரியும் அந்த வரி.

இந்த அனுமதியை இப்படி நினைத்துப்பாருங்கள்: தோட்டத்து வீடு ஒன்றுக்கு மின்சார சபை இணைப்புக் கொடுத்திருக்கிறது. கூரைத் தகரத்தை மாற்றலாம், கதவை மாற்றலாம், உள்ளே புதுக் கட்டில் போடலாம், கணக்கு இலக்கம் மாறாது. ஆனால் தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனால் கணக்கு இலக்கம் கூட வராது. சாமான்கள் உங்களுடையவை. இணைப்பு அந்த இடத்துக்கு உரியது. வன்தட்டில் இருக்கும் கோப்புகள் சாமான்கள் என்றால், இன்றைய விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகை என்ற இடத்துக்கு எழுதப்பட்ட இணைப்பு.

சரி, ஆனால் வீட்டுக்கு முகவரி இருக்கிறது. கணினிக்கு முகவரி ஏது? பெட்டிக்குள் இருப்பது இதே கணினிதான், வேறு கணினி இல்லை என்று எங்கோ இருக்கும் மைக்ரோசாப்ட் வழங்கிக்கு, அதாவது சேர்வருக்கு, எப்படித் தெரிகிறது?

தொண்ணூறுகளில் இந்தக் கேள்வியே எழவில்லை. விண்டோஸ் குறுந்தட்டுடன் சாவி ஒன்று வரும். சாவி செல்லுபடியாகும் வடிவில் இருக்கிறதா என்று மட்டும் கணினி பார்க்கும். ஒரே சாவியை ஊர் முழுக்க அடித்தாலும் யாருக்கும் தெரியாது. 2001 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இதை மாற்றியது. நிறுவியதிலிருந்து 30 நாட்களுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ மைக்ரோசாப்டிடம் சொல்லிச் செயற்படுத்த, அதாவது ஆக்டிவேட் செய்ய, வேண்டும். தொலைபேசி என்றால் திரையில் வரும் 50 இலக்கங்களை வாசித்துக் காட்ட வேண்டும், மறுமுனை சொல்லும் 42 இலக்கங்களைத் தட்ட வேண்டும்.

அந்த 50 இலக்கங்களுக்குள் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் அன்று உலகெங்கும் கிளம்பியது. என் பெயர் போகிறதா, என் கோப்புகளைப் பற்றித் தகவல் போகிறதா என்று மக்கள் பதறினார்கள். மைக்ரோசாப்ட் விவரம் சொல்லவில்லை. எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே, 2001 ஜூலையில், பெர்லினைச் சேர்ந்த ஃபுல்லி லைசன்ஸ்ட் என்ற சிறிய நிறுவனம் அதன் சோதனைப் பதிப்பைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பதை வெளியிட்டது. இலக்கங்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. அந்த மறையை அவிழ்த்து, எந்த இலக்கத்துண்டு எந்த வன்பொருளில் இருந்து வருகிறது என்று ஒன்றொன்றாக அடையாளம் கண்டார்கள். மூடிய பெட்டி ஒன்றைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த பலவும் இந்த வேலையால் கிடைத்தவை. கம்பனி சொன்னதை நம்புவதற்கும் பிரித்துப் பார்த்து அறிவதற்கும் இடையில் உள்ள தூரத்தை இந்த ஆய்வு காட்டியது. அறிவியல் மனப்பான்மைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் தேடமாட்டேன்.

அவர்கள் கண்டது இது. கணினி தன்னிடம் உள்ள பத்து விடயங்களைப் பார்க்கிறது: வன்தட்டுப் பகிர்வின் தொடரிலக்கம், வலையமைப்பு அட்டையின் முகவரி, குறுந்தட்டுச் செலுத்தி, வரைகலை அட்டை, முறைவழியாக்கியின் (புரோசஸரின்) தொடரிலக்கம், வன்தட்டு, ஸ்கசி கட்டுப்படுத்தி, ஐடிஇ கட்டுப்படுத்தி, முறைவழியாக்கியின் மாதிரி, ராமின் அளவு. மடிக்கணினியா என்பதை அறிய இன்னொரு சிறு குறியும் உண்டு. ஒவ்வொன்றையும் உள்ளபடியே அனுப்புவதில்லை. ஒவ்வொன்றில் இருந்தும் மிகச் சிறிய ஓர் எண்ணை வடித்தெடுக்கிறது. இதைச் சுருக்கெண் என்று வைத்துக்கொள்வோம்.

சுருக்கெண் என்ற கருத்து கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. எவ்வளவு நீளமான தரவைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளத்தில் ஓர் எண்ணைத் தரும் கணக்குமுறை அது. அதே தரவைக் கொடுத்தால் எப்போதும் அதே எண் வரும். தரவில் ஓர் எழுத்து மாறினாலும் பொதுவாக வேறு எண் வரும். எண்ணை வைத்துத் தரவைத் திரும்பப் பெற முடியாது. வலையமைப்பு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகவரி 48 பிட் நீளம். அதாவது ஏறக்குறைய 281 இலட்சம் கோடி வெவ்வேறு முகவரிகள் இருக்கலாம். எக்ஸ்பி அதை 10 பிட்டாகச் சுருக்கியது. 10 பிட்டில் 1,024 எண்கள்தான் உண்டு, அதிலும் பூச்சியம் என்றால் அப்படி ஒரு பாகமே இல்லை என்று பொருள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு எண்ணையும் சுமார் 27,500 கோடி முகவரிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. எண்ணைப் பார்த்து உங்கள் அட்டை எது என்று யாராலும் சொல்ல முடியாது. ராமின் அளவுக்கு வெறும் 3 பிட், எட்டே எட்டு எண்கள்.

இவ்வளவு மங்கலான எண்களை வைத்து எப்படி அடையாளம் காண்பது? தனித்தனியே பார்த்தால் முடியாது. பத்தும் சேர்ந்தால் 60 பிட் வருகிறது. இரண்டு கணினிகளில் ஓர் எண் தற்செயலாக ஒத்துப்போவது எளிது. பத்தும் ஒத்துப்போவது மிக அரிது, ஒரே கம்பனி ஒரே நாளில் செய்த இரண்டு கணினிகளில்கூட வலையமைப்பு முகவரியும் வன்தட்டுத் தொடரிலக்கமும் வேறுபடும். தனியாள் விவரம் எதையும் வெளியிடாமல் கணினியை மட்டும் அடையாளம் காணும் இந்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன்.

இனி முக்கியமான இடம். பத்தும் அப்படியே ஒத்துப்போனால்தான் ஏற்பேன் என்று எக்ஸ்பி அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் ராம் துண்டு ஒன்று சேர்த்தவன்கூடத் தொலைபேசியில் 50 இலக்கம் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை மாறலாம் என்று ஓர் எல்லை வைத்தார்கள். வலையமைப்பு அட்டை மாறாமல் இருந்தால் மற்றவற்றில் ஐந்து வரை மாறலாம், ஆறாவது மாறினால் மீண்டும் செயற்படுத்த வேண்டும். அந்த அட்டையும் மாறிவிட்டால் அதையும் சேர்த்து நான்கு மாற்றத்திலேயே எல்லை வந்துவிடும்.

இப்போது தாய்ப்பலகையைப் பாருங்கள். வலையமைப்பு இணைப்பு பெரும்பாலும் அதிலேயே பதிந்திருக்கிறது. வன்தட்டுக் கட்டுப்படுத்தியும் அதில்தான். தனி வரைகலை அட்டை வாங்காதவர்களுக்கு வரைகலையும் அதனோடு வருவது. பழைய போர்டின் முறைவழியாக்கி புதியதில் பொருந்தாவிட்டால் அதுவும் மாறும், ராமும் மாறும். திருத்துபவரின் கண்ணுக்கு அவர் மாற்றியது ஒரே ஒரு பாகம். சுருக்கெண்களின் கணக்கில் நான்கு, ஐந்து, ஆறு பாகங்கள் ஒரே மூச்சில் மாறிவிட்டன. வன்தட்டை மாற்றினால் அந்தத் தட்டோடு சேர்ந்த ஒன்றிரண்டு எண்கள் மட்டுமே மாறும், எல்லைக்குள் அடங்கிவிடும். தொடக்கத்தில் பார்த்த முரண் இங்கே அவிழ்கிறது.

எல்லையை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அது கணினிக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. அடையாளம் காணும் எந்த முறையும் இரண்டு விதமாகத் தவறலாம். உரியவனை அன்னியன் என்று விரட்டலாம், அன்னியனை உரியவன் என்று உள்ளே விடலாம். எல்லையை இறுக்கினால் முதல் தவறு கூடும், தளர்த்தினால் இரண்டாவது கூடும். இரண்டையும் ஒருசேரப் பூச்சியமாக்க வழியில்லை. ஆகவே எந்தத் தவறை எவ்வளவு பொறுப்பது என்று எங்கோ ஒரு மேசையில் யாரோ முடிவெடுக்கிறார்கள். தாய்ப்பலகை மாறியது என்றால் அது புதிய கணினிதான் என்று எடுத்த முடிவு, போர்ட் எரிந்தால் கணினியையே தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கும் ஊரில் பெரும்பாலும் சரியாக இருக்கும். எரிந்த போர்டுக்குப் பதில் பழைய போர்ட் தேடும் ஊரில் அதே முடிவு உரியவனை விரட்டும் தவறாக அடிக்கடி முடிகிறது. எல்லையை வரைந்தவர்கள் பதுளை மாவட்டத்தை நினைத்து வரையவில்லை என்பதே என் எண்ணம்.

எக்ஸ்பிக்குப் பிறகு முறை இரண்டு தடவை பெரிதாக மாறியது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, கம்பனிக் கணினிகளின் அடியில் ஒட்டப்பட்டிருந்த சாவி ஸ்டிக்கர் காணாமல் போனது. சாவியைத் தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருளிலேயே, பயோஸ் என்று நாம் சொல்கிற அந்தச் சில்லிலேயே, தொழிற்சாலையில் எழுதிவிட்டார்கள். விண்டோஸ் நிறுவும்போது அது தானாகவே அந்தச் சாவியைப் படித்துக்கொள்ளும். போர்ட் எரிந்தால் சாவியும் அதோடு போய்விடும். எதிர்மாறாக நடப்பதும் உண்டு. கம்பனிக் கணினி ஒன்றில் இருந்து கழற்றிய பழைய போர்டை வாங்கி மாட்டினால் விண்டோஸ் தானாகச் செயற்பட்டு நிற்கும். கடைக்காரர் ஏதோ வித்தை செய்தார் என்று நினைப்பார்கள், போர்டுக்குள் இருந்த பழைய சாவி வேலை செய்திருக்கிறது. சட்டப்படி அந்த உரிமம் அது முதலில் வந்த கணினிக்கு உரியது என்பது வேறு விடயம்.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 சாவியையே பின்னுக்குத் தள்ளியது. ஒரு தடவை செயற்படுத்தியதும் அந்தக் கணினியின் வன்பொருள் சுருக்கெண் மைக்ரோசாப்ட் வழங்கியில் பதிவாகிவிடும். இதற்கு இலக்க உரிமம் என்று பெயர். பிறகு தட்டை முழுக்க அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினாலும் சாவி தேவையில்லை. கணினி தன் சுருக்கெண்ணை அனுப்பும், வழங்கி பதிவேட்டைப் பார்த்து ஆம் என்று சொல்லும். அந்த ஆம் என்ற பதிலை யாரும் போலியாகச் செய்துவிடாமல் இலக்கக் கையொப்பம் ஒன்று காக்கிறது. கையொப்பமிடும் இரகசிய எண் வழங்கியிடம் மட்டும் இருக்கிறது, சரிபார்க்கும் எண் எல்லாக் கணினியிலும் இருக்கிறது. சரிபார்க்கும் எண்ணை வைத்துக் கையொப்பமிட முடியாது என்பதே இதன் பலம். விண்டோஸ் 10இலும் 11இலும் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு எடை என்பதை மைக்ரோசாப்ட் வெளியிடவில்லை. தாய்ப்பலகையை மாற்றுவது போன்ற பெரிய மாற்றத்துக்குப் பிறகு மீண்டும் செயற்படுத்த வேண்டியிருக்கலாம் என்று மட்டும் அதன் உதவிக் குறிப்பு சொல்கிறது.

பதிவேடு தொலைவில் இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 2018 நவம்பர் 8ஆம் திகதி செயற்படுத்தும் வழங்கிகளில் கோளாறு ஏற்பட்டது. காசு கொடுத்து விண்டோஸ் 10 புரோ வாங்கிய பல நாட்டுப் பயனர்களின் கணினிகள், உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பின் உரிமம்தான் என்று சொல்லத் தொடங்கின. யாரும் போர்டை மாற்றவில்லை, திருகாணியைக்கூடத் தொடவில்லை. மைக்ரோசாப்ட் தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. உரிமம் வன்தட்டில் இல்லை, போர்டில் மட்டும்கூட இல்லை, போர்டுக்கும் வழங்கிக்கும் இடையிலான ஒரு பதிவில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

அப்படியானால் போர்டை மாற்றியவர் என்ன செய்யலாம்? உங்களிடம் எந்த வகை உரிமம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடையில் பெட்டியாகவோ இணையத்திலோ தனியாக வாங்கிய சில்லறை உரிமம் என்றால் அது உங்களோடு வரும். பழைய கணினியில் நீக்கிவிட்டு வேறு கணினியில் போட்டுக்கொள்ளலாம். கணினியோடு சேர்ந்து வந்த உற்பத்தியாளர் உரிமம் என்றால் அது அந்தக் கணினியோடு முடிகிறது. போர்ட் பழுதாகி உற்பத்தியாளரே உத்தரவாதத்தின்கீழ் மாற்றித் தந்தால் உரிமம் தொடரும், நாமாக வேறு மாதிரி போர்ட் போட்டால் அந்த உறுதி இல்லை. மூன்றாவது வகை நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது. அங்கே அலுவலகத்துக்குள்ளேயே ஒரு வழங்கி இருந்து, குறைந்தது 25 கணினிகள் தன்னிடம் வந்தால்தான் செயற்படுத்தத் தொடங்கும். ஒவ்வொரு கணினியும் 180 நாட்களுக்குள் திரும்ப வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றாவது வகையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. "தம்பி, கிராக் போட்டுத் தரவா?" என்று கேட்டுப் போட்டுத் தரப்படுவது பெரும்பாலும் இதன் போலிதான். கணினிக்குள்ளேயே ஒரு பொய் அலுவலக வழங்கியை உட்காரவைத்து, விண்டோஸை ஏமாற்றுகிறது அது. நிறுவும்போது முதல் வேலையாக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். அணைத்த பிறகு உள்ளே எது வந்தாலும் தெரியாது. கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான கிராக்கின் நிறுவிகளோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் சேர்ந்து பரவுவதை 2021 டிசம்பரில் ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டு வெளியிட்டது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவது அதன் தொழில். வெளிநாட்டில் இருக்கும் அப்பா அம்மா அனுப்பும் பணத்தை அந்தக் கணினியிலேயே வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் வீடுகள் நம்மிடையே உண்டு என்பதை நினைத்தால், கிராக் இலவசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆனாலும் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட மதிப்பீடு, 2017இல் இலங்கைக் கணினிகளில் நிறுவிய மென்பொருளில் 77 சதவீதம் உரிமமற்றது என்றது. இது கம்பனிகள் சார்ந்த அமைப்பின் கணக்கு, அதை நினைவில் வைத்தே வாசிக்க வேண்டும். என்றாலும் பாதிக்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த 77இல் அடங்கிய எல்லாரும் திருட நினைத்தவர்கள் என்று நான் நம்பவில்லை. உரிமத்தோடு கணினி வாங்கி, போர்ட் போனதும் உரிமமும் போனது தெரியாமல் கிராக்குக்குத் தள்ளப்பட்டவர்களும் அதற்குள் இருப்பார்கள்.

இப்போது இந்தப் பிரச்சினை கூடப்போகிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 ஒக்டோபர் வரை கிடைக்கும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. முறைவழியாக்கியும் இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினிகளே புழங்கும் வீடுகளில் இதற்கு வழி போர்டையும் முறைவழியாக்கியையும் மாற்றுவதுதான். மாற்றினால் சுருக்கெண் மாறும். இடி விழாமலேயே அந்த மூலை வரி வந்து நிற்கும்.

லினக்ஸ் பக்கம் போனால் இந்தத் தொல்லையே இல்லை. உபுண்டு, மின்ட் போன்றவற்றுக்குச் செயற்படுத்தல் என்ற படியே கிடையாது. ஒரு கணினியில் இருந்த தட்டைக் கழற்றி வேறு போர்டில் மாட்டினாலும் பெரும்பாலும் அப்படியே எழுந்து ஓடும். இலங்கையரே ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு ஹந்தானை லினக்ஸ் என்று ஒன்றை உருவாக்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க இங்கேயே எழுதப்பட்ட சஹானா என்ற கட்டற்ற மென்பொருள் பிறகு பல நாடுகளில் பயன்பட்டது. ஆகவே கட்டற்ற மென்பொருள் நமக்கு அன்னியம் அல்ல. பாடக் குறிப்பு எழுதவும் இணையத்தில் தேடவும் காணொளிப் பாடம் பார்க்கவும் ஒரு பழைய கணினி வேண்டும் என்றால், கிராக் போட்ட விண்டோஸைவிட ஒழுங்காக நிறுவிய லினக்ஸை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் கணக்குப்பதிவு, வடிவமைப்பு வேலைகளுக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள்களை நம்பியிருப்பவர்களிடம் மாறிவிடு என்று சொல்வது எளிது, செய்வது கடினம்.

விண்டோஸிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு 2016 ஓகஸ்டில் வந்த பதிப்பு முதல் ஒரு வழி திறந்திருக்கிறது. இலக்க உரிமத்தை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்துவைக்கலாம். அப்படி இணைத்தால் வழங்கியின் பதிவேட்டில் சுருக்கெண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் கணக்கும் பதிவாகும். பிறகு போர்டை மாற்றினால், செயற்படுத்தல் பக்கத்தில் உள்ள பிழைதீர்ப்பானை ஓடவிட்டு, அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தெரிவுசெய்து, அதே கணக்கில் நுழைந்தால் உங்கள் பழைய கணினியின் பெயர் பட்டியலில் வரும். அதைத் தெரிவுசெய்தால் உரிமத்தைப் புதிய சுருக்கெண்ணுக்கு மாற்றிக் கேட்கலாம். பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும், ஹோம் உரிமம் புரோவுக்குச் செல்லாது. எத்தனை தடவை இப்படி மாற்றலாம் என்பதற்கும் எல்லை உண்டு. கணினியோடு வந்த உற்பத்தியாளர் உரிமத்துக்கு இந்த வழி கைகொடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சில்லறை உரிமக்காரர்களுக்கு இது பெரிய காப்பு.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போர்டுக்கு விலை சொல்லும்போதே, உரிமம் எந்த வகை, கணக்கோடு இணைத்திருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விண்டோஸ் திரும்ப வராமல் போகலாம் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். போர்டின் விலைக்கு மேல் இன்னொரு செலவு காத்திருக்கிறது என்று தெரிந்தால் அவர் வேறு முடிவு எடுக்கலாம், அந்த முடிவு அவருடைய உரிமை.

வாசகர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் அப்டேட் அன்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் 11இல் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் என்ற சொல்லோடு, அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே பக்கத்தில் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவி எழுதிய அட்டையோ வாங்கிய பற்றுச்சீட்டோ இருந்தால் படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் செய்ய முடியும். போர்ட் எரிந்த பிறகு அந்தக் கணினியை வழங்கியிடம் இன்னதென்று சொல்லிக்கொடுக்க வேறு வழி மிகக் குறைவு.